திணை கேட்கும் அடைப்பு

வியாழன் காலை ஆறரை மணிப் படகு ஓடாதென்று
சோல்வை எழுதித்தான் இருந்தாள்.
செவ்வாய்க்கிழமையே.
தேதி, காரணம், 'வெளியிடு' பொத்தான்,
எல்லாம் முறைப்படி.
ஆனாலும் தீவுத் துறைமேடையில்
பன்னிரண்டு பேர் பனிக்காற்றில் நின்றார்கள்.
அதில் வெர்னர், டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்.

நகராட்சியிலிருந்து ப்ரீபென் கூப்பிட்டான்:
"உன் தளம் விழுங்கிவிட்டது."
தளம் எதையும் விழுங்காது என்றேன்.
சொல்லி முடிக்குமுன்பே
அந்த வரி நினைவுக்கு வந்துவிட்டது.

ஸ்வென்போர்கில், சைக்கிள் கடைக்கு மேல் என் அறை.
நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர்.
பழைய வார்ப்புருவைத் திறந்தேன்.
ஐந்து வருடம் முன் என் கையால் எழுதியது:
பிள்ளைக் கணுக்களை ஒவ்வொன்றாய் எடு,
சதுர அடைப்புக்குள் நிறுத்து,
என்ன திணை என்று கேள்,
'செய்தி' என்றால் உள்ளே விடு.
மற்றவர்களுக்குப் பதிலே கிடையாது.
இல்லை என்று சொல்லக்கூட
ஒரு சொல் செலவழிக்காத வரி.
அன்று அதை அழகு என்று நினைத்திருந்தேன்.

சோல்வையின் கணு சாகவில்லை.
மரத்தில், தன் கிளையில், 2117 என்ற எண்ணோடு
பேசாமல் உட்கார்ந்திருந்தது.
திணை: நிகழ்வு.
ஏன் என்று அவளையே கேட்டேன்.
"படகு வராதது நிகழ்வு இல்லையா?"
இலக்கணம் அவள் பக்கம். வாயை மூடிக்கொண்டேன்.

அடைப்பைக் கழற்றிப் பார்த்தேன்,
ஒரு நிமிடம்தான், என் கணினியில் மட்டும்.
படகு முதலில் வந்தது. பின்னாலேயே
ஆட்டுக்குட்டி ஏலம்,
தேவாலயக் கூரைக்கு நன்கொடை,
பள்ளியின் பட்டாணி சூப் வெள்ளி,
பதினோரு வருடம் முன் தொலைந்த பூனை,
யாரோ சோதனைக்குத் தட்டிய 'அஅஅஅ',
பெயரே இல்லாத ஒரு கோப்புறை.
வார்ப்புரு எழுதப்படாதவை
உடுப்பில்லாமல் ஒழுகின, வெறும் எழுத்தாக,
தலைப்பும் விலையும் தொலைபேசி எண்ணும்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
இந்த மொழியின் சுபாவம் அது:
என்ன செய்வதென்று சொல்லி வைக்காவிட்டால்
உள்ளே இருப்பதை அப்படியே கொட்டிவிடும்.
விவாகரத்து வருடத்தில் நானும் அப்படித்தான்,
ரொட்டிக் கடையில், பல் மருத்துவரிடம்,
தவறிப்போய் அழைத்தவர்களிடமும்.

மௌனம் வேண்டுமென்றால்
எழுதித்தான் வாங்க வேண்டும்:
திறந்த இடத்திலேயே மூடும் காலி வார்ப்புரு ஒன்று.
'அஅஅஅ'வுக்கு எழுதினேன். கோப்புறைக்கு எழுதினேன்.
பூனைக்கு எழுத
கொஞ்ச நேரம் ஆனது.

'செய்தி' அல்லது 'நிகழ்வு' என்று அகலத் திறந்தால்
ஆட்டுக்குட்டிகள் முகப்பில் மேயும்.
ஆகவே புதுத் திணை ஒன்று: 'தடங்கல்'.
சோல்வையின் பட்டியலில் அதை முதலில் வைத்தேன்,
அவசரத்தில் கை போகும் இடத்தில்.
அடைப்புக்குள் அதன் பெயரையும் சேர்த்தேன்.
ஒன்றும் வரவில்லை.
நாற்பது நிமிடம்.
பெயரின் வாலில் ஓர் இடைவெளி.
நமக்கு அது காற்று,
அதற்கு அது மதில்.

இரவு ப்ரீபென் மறுபடி அழைத்தான்.
வெர்னரை ஒன்பது மணிக்கு
இறால் படகொன்று ஏற்றிக்கொண்டதாம்.
"அவர் இணையம் பார்ப்பதே இல்லை, தெரியுமா?
துறை அலுவலகக் கதவில் ஒட்டும் தாளைத்தான் படிப்பார்."
மனம் லேசானது.
"தாள் ஒட்டுகிற பையன்
உன் தளத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறான்," என்றான்.

2117-இன் திணையை மாற்றிவிட்டேன்.
இப்போது முகப்பில், எல்லாவற்றுக்கும் மேலே,
சிவப்புப் பட்டையோடு நிற்கிறது:
வியாழன் காலை படகு ஓடாது.
இன்று சனிக்கிழமை.
இன்னும் எடுக்கவில்லை நான்.