ஒரு பலகை இலவசம்

ஜூன் பதினேழில் பள்ளிக்கூடம் மூடும்.
பிறகு பத்து வாரம்
மஞ்சள் பேருந்துக்கு ஓய்வு.
எனக்குச் சம்பளம் கிடையாது.

பதினோரு வருடம் இந்த ஊரின்
வாசல்களை மட்டுமே பார்த்தவள் நான்.
எந்தப் பையன் ஒற்றைக் காலணியோடு ஓடி வருவான்,
எந்த நாய் தபால்பெட்டி வரை வந்து வழியனுப்பும்,
எல்லாம் தெரியும்.
கொல்லைப்புறம் பார்த்ததில்லை.
மேய்ன் கடற்கரையில் மனிதர்கள்
தங்கள் கோடைகாலத்தைக் கொல்லையில்தான் வைத்திருக்கிறார்கள்:
சீடர் பலகை அடித்த ஒரு டெக்,
அதன்மேல் கரியடுப்பு, நாலு நாற்காலி,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒன்பது மாதத்துப் பாசி.

தங்கை புருஷன் கிளேட்டன்
பிரஷர் வாஷரை இரவல் தந்தான்.
"மரம் கார் இல்லை, ஒடெட்."
தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.
சொந்த டெக்கில்தான் முதல் பரிசோதனை.
தண்ணீர் கத்தியானது,
மரம் பஞ்சு பஞ்சாய்ப் பிய்ந்தது.
என் தோள் திரும்பிய இடத்தில் ஒரு வளைந்த பள்ளம்,
நானே போட்ட கையெழுத்து.
இன்றைக்கும் அங்கே வெறுங்காலோடு நடந்தால்
சிராய் ஏறும்.

காப்பீட்டுக்கு அறுநூறு டாலர்.
வண்டிக் கதவில் ஒட்டும் காந்தப் பலகைக்கு எழுபது.
அதில் ஓர் எண் தப்பு.
இரண்டு வாரம் என் வாடிக்கையாளர்களெல்லாம்
பக்கத்து ஊர் பீட்சா கடைக்குப் பேசியிருக்கிறார்கள்.

லீலண்ட் ஹாஸ்கெல் மட்டும் நேரில் வந்தார்.
"ஒரே ஒரு பலகை செய்து காட்டு."
அகன்ற முனை, குறைந்த அழுத்தம், முழ தூரம்.
ஆணியைச் சுற்றிய கறுப்புக்கு அமிலம்.
இரண்டு நாள் காயவிட்டுத் திரும்பப் போய்
ஒரு சொட்டு நீர் விட்டேன்.
மணியாய் நின்றால் மரம் இன்னும் தயாரில்லை.
உறிஞ்சியது.
எண்ணெய் பூசினேன்.
சாம்பல் நிறத்து நாற்பது பலகைகளின் நடுவே
ஒன்று மட்டும் தேன்.

நெடுநேரம் பார்த்தார்.
"யோசிக்கிறேன்" என்றார்.
வீடு வரும்வரை வண்டிக்குள்
அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், பிரெஞ்சில்,
அம்மா வழி வந்த சொற்களில்.

எட்டாம் நாள் தொலைபேசி.
"காலையில் காப்பி குடிக்க முடியவில்லை.
அந்தப் பலகை என்னையே பார்க்கிறது.
வந்து மிச்சத்தையும் முடித்துத் தொலை."

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
மறுநாள் ஸ்ப்ரூஸ் தெரு முழுக்கக் கதவு தட்டினேன்:
ஒரு பலகை இலவசம்,
எந்தப் பலகை என்பதை நான் தேர்வு செய்வேன்.
எப்போதும் நாற்காலிக்கு நேர் எதிரே இருப்பதைத்தான்
தேர்வு செய்தேன்.

ஜூலையில் மழை.
ஐந்து நாள் மழை, ஒரு நாள் பனிமூட்டம், மறுபடி மழை.
வானத்தை அதட்ட முடியாது,
ஈர மரத்தை ஏமாற்றவும் முடியாது.
கட்டணம் கட்டாத மின்சார ரசீதின்மேல்
காப்பிக் குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டில் கூப்பிட்டார்கள்.
ஒருவர் மனைவிக்குத் தெரியாமல்,
ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டதால்.
மாலைகளில் எண்ணெய்த் துணிகளை
வேலியில் ஒவ்வொன்றாய் விரித்துப் போடுவேன்.
சுருட்டி எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கும்.
கிளேட்டனின் கொட்டகை அப்படித்தான்
ஒரு மூலை கருகியது.
(அதைப் பற்றி அவனிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.)

செப்டம்பர். மறுபடி ஸ்டீயரிங்,
நகக்கண்ணில் போகாத பழுப்பு.
கண்ணாடியில் முப்பத்தாறு தலைகள்.
வாசல்களைத் தாண்டிப் போகும்போது
இப்போது பின்பக்கமும் தெரிகிறது எனக்கு.

தர்லோ வீட்டார் மட்டும் கூப்பிடவேயில்லை.
அவர்கள் திருப்பத்தில் நிற்கிறேன்,
கதவைத் திறக்கிறேன், சின்னவள் ஏறுகிறாள்.
அந்த வீட்டுக்குப் பின்னால்
ஒரு பலகை பளபளத்துக்கொண்டிருக்கிறது.
இரண்டு குளிர்காலம் தாங்கும்.

அவசரமில்லை.
கதவை மூடி, கியரை மாற்றுகிறேன்.