எல்லோரும் தாமதமாகத்தான் வந்தார்கள்

சாம்பல் புதனுக்கு முந்தின ராத்திரி
ஒரு சொல்லைப் பூட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.
நிரோஷ் எழுதுவான், அமலி நிறம் தீட்டுவாள்.
நாலாய் மடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
அரிசி டிரம்முக்குள் புதைத்துவிடுவோம்.
பாஸ்கா வரைக்கும் அதை
யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

அமலிக்கு நாலு வயது.
அரிசி அளக்கப் போகும்போதெல்லாம்
பின்னாலேயே வந்து
டிரம்முக்குள் தலையை விட்டுக் கேட்பாள்:
"உள்ள இருக்கியா?"

பெரிய வெள்ளி, மூன்று மணி.
தேவகோட்டை வெயிலில் தார் இளகிச்
செருப்பைப் பிடித்து இழுத்தது.
கோவிலில் மணிக்கு வாய் கட்டியாயிற்று,
மரத்தட்டிதான் கடகடத்தது.
"தாகமாய் இருக்கிறது" என்று வாசித்தார்கள்.
புளித்த திராட்சை இரசம் கொடுத்தார்கள் என்றும்.
அமலி என் முந்தானையை இழுத்தாள்.
"வெயிலுக்கு யாராச்சும் ரசம் குடுப்பாங்களாம்மா?
தண்ணி இல்லையா அவங்ககிட்ட?"

சிலுவை முத்தி செய்ய வரிசை நகர்ந்தது.
எல்லோரும் குனிந்து பாதம் தொட்டு எழுந்தார்கள்.
இவள் தன் மஞ்சள் தண்ணீர் பாட்டிலை,
மூடி தேய்ந்து புத்தகப் பையையெல்லாம் நனைக்குமே,
அதை அடியில் வைத்துவிட்டு வந்தாள்.
எடுக்கக் கை நீட்டிய உபதேசியார்
என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

சனிக்கிழமை எனக்கு நைட் டூட்டி.
ரஹ்மத்தைக் கேட்டால் மாறிக்கொள்வாள்,
ஆனால் கிறிஸ்துமஸ் கடனையே இன்னும் தீர்க்கவில்லை.

நடு ராத்திரி,
ஏழாம் கட்டில் ஐயாவுக்கு சலைன் மாற்றினேன்.
குழாயில் நின்ற ஒரு காற்றுக்குமிழியைச்
சுண்டிச் சுண்டி மேலே ஏற்றும்போது
ஊருக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம்.
"கல்யாணமா தாயி?"
"இல்லைங்கய்யா. எங்க சாமி எந்திரிச்சிட்டாரு."
"நல்லதாப் போச்சு" என்று
புரண்டு படுத்துக்கொண்டார்.

காலையில் வீடு வந்தால்
ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறக் கிடந்து
அழுதுகொண்டிருக்கிறாள்.
செட்டியார் வீட்டுப் பின்கட்டு முழுக்கக் கேட்கிறது.

மெழுகுதிரி ஏற்றும்வரை விழித்திருந்தாளாம்,
கையில் சொட்டிய மெழுகை உரித்து உரித்து.
ஐந்தாம் வாசகத்தில் அப்பா தோளில் சாய்ந்தவள்
திரை விழுந்ததையும்
இரண்டு நாள் வாய் கட்டியிருந்த மணி அலறியதையும்
மொத்தக் கோவிலும் கத்திய அந்தச் சொல்லையும்
எச்சில் ஒழுகத் தூங்கித் தீர்த்துவிட்டாள்.

"அண்ணன் மட்டும் பாத்துட்டான்."

நிரோஷ் முட்டை அவித்துக்கொண்டிருந்த சட்டியிலிருந்து
தலையை எடுக்கவில்லை.
பீட்ரூட் தண்ணீரில் அவன் விரலெல்லாம் சிவப்பு.
"நானும் பாக்கல.
திரை விழுறப்பவே அவரு நின்னுக்கிட்டுல்ல இருந்தாரு.
எந்திரிச்சத யாரு பாத்தா?"

கைப்பையை இறக்காமல் நின்றேன்.
விடியக் கருக்கலில் நறுமணப் பொருளோடு போன பெண்களும்
கல் புரண்ட பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள்.
நான் டெட்டால் வாசனையோடு.

டிரம்மைக் கவிழ்க்காத குறையாகப் பாட்டிலை எடுத்தோம்.
மூடி திறக்கவில்லை.
ஜெரால்டு துணியைச் சுற்றித் திருகி
கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கி
எப்படியோ திறந்தார்.
அவளுக்கு எழுத்துத் தெரியாது.
காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
"அல்லேய்யா!" என்றாள்.
பிறகு நிறுத்தவே இல்லை.
கோழி வெந்து, இட்லி ஆறி,
நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வரும்வரை.

ஆறு சிவப்பு முட்டை முன்கட்டு ஆச்சிக்குப் போயிற்று.
வெறுங்கிண்ணம் திரும்புமா?
கந்தரப்பத்தோடு வந்தது.

சாயங்காலம் நிரோஷ் கோவிலிலிருந்து
மஞ்சள் பாட்டிலை வாங்கி வந்தான்.
அமலி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
பாதிதான் இருந்தது.

"குடிச்சிருக்காரு."

மூடி ஒழுகும் என்று
நாங்கள் யாரும் சொல்லவில்லை.