காய் கனம்

சந்தூர் சாலையில், மாங்கூழ் ஆலை வாசலில்
எடை மேடை முதலாளியுடையது.
கண்ணாடிக் கூண்டும் பட்டனும் என்னுடையவை.
ஆனி மாதம் இரவு இரண்டு மணிக்கும்
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கும்.
டன்னுக்கு இருபது கிலோ குறைத்துக் காட்டும்படி
பெட்டிக்குள் ஒரு திருகாணி இருந்தது.
திருகியவன் நானல்ல, எனக்கு முன்பிருந்தவன்.
அதை அப்படியே விட்டவன் நான்.

கெம்பம்மா ஒருநாள் நோட்டோடு வந்தாள்.
பள்ளிக்கூட நோட்டு, பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.
காவேரிப்பட்டணத்து மேடையில் தனிக் காசு கொடுத்து
நிறுத்திய எடை இந்தப் பக்கம்,
என் சீட்டு எதிர்ப்பக்கம், சோற்றுப் பசையால் ஒட்டி.
மூன்று லோடு. நூற்றெண்பது கிலோ.

"மிஷினுக்கு மிஷின் மாறும்மா" என்றேன்.
"மாறட்டும். மூணு தடவையும் ஒரே பக்கமாவா மாறும்?"

பதில் இல்லை என்னிடம்.
அதோடு விட்டிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள்.
ஏனோ நோட்டை மூடினாள்.
"ஏரிக்கரைக்கு வா. முனியப்பன் முன்னால
கற்பூரத்த அணைச்சுச் சொல்லு.
சொல்லிட்டா அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

போனேன்.
திருவிழாவுக்கு எனாமல் அடித்திருந்தார்கள்.
மீசையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.
உள்ளங்கையால் அணைத்தேன். சுட்டது,
ஒரு தீக்குச்சி சுடும் அளவுக்கு.
"என் எடை சுத்தம்" என்றேன்.

பிறகு காத்திருந்தேன்.
ஒரு பாம்பு, பிரேக் பிடிக்காத ஒரு லாரி,
பையனுக்கு ஒரு காய்ச்சல்.
ஆடியில் போனஸ் வந்தது.
பையனுக்குப் பர்கூரில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது.
பத்து வருஷம் இழுத்த பாகவழக்கு
எங்கள் பக்கம் தீர்ந்தது.
பெயிண்ட் காயும்வரை வாய் திறக்கக் கூடாது என்று
யாராவது அவருக்குச் சொல்லியிருந்தார்களோ என்னவோ.

சரி என்று அறிவைக் கேட்டேன்.
அது நல்ல வக்கீல். ஃபீஸ் வாங்காமல் எனக்காக வாதாடியது.
காம்பு எடை, பால் வடிவது, அடியில் நசுங்கியது,
எந்த ஆலையில் இல்லை,
நீ போனால் இன்னொருவன் வந்து உட்காருவான்,
அவன் நாற்பது கிலோ வைப்பான்.
தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றையும் மறுக்க முடியாது.
ஆனால் எல்லாமே ஒரே பக்கமாக மாறின.

அடுத்த ஆனி. அதே டிராக்டர், அதே கெம்பம்மா.
நோட்டு இல்லை.
"காவேரிப்பட்டணம் போகலியா?"
"எதுக்கு? நீதான் சொல்லிட்டியே.
அங்க எடைக்கு எம்பது ரூவா தண்டம்."
சீட்டை வாங்கிப் பார்க்காமல்
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
பார்க்காமல்.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன்.
யார் சொல்லி என்று கேட்காதீர்கள்.
ஏரிக்கரையிலிருந்து குரல் எதுவும் வரவில்லை.
வக்கீல் வேண்டவே வேண்டாம் என்றான்.
திருகாணி துருவேறி இறுகியிருந்தது.
மூன்றாவது முறை ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக்
கையைக் கிழித்தது.
கற்பூரம் அணைத்த கை அல்ல, மற்றது.

முதலாளிக்கு இன்னும் தெரியாது.
தெரியும் நாளில் நான் என்ன சொல்வேன் என்பதும்
எனக்கு இன்னும் தெரியாது.

பத்து நாள் கழித்து, நெற்றியில் திருநீறோடு வந்தாள்.
"அதே மரம், அதே கூடை.
இந்த வருஷம் காய் கனம்.
எல்லாம் அந்த முனியப்பன் குடுத்தது."
கூண்டு ஜன்னல் வழியாக
உடைத்த தேங்காயில் ஒரு மூடியை நீட்டினாள்.

பழைய நூற்றெண்பது கிலோவைப் பற்றிச்
சொல்லிவிடத்தான் இருந்தேன்.
வாயில் தேங்காய் இருந்தது.
பின்னால் நின்ற டிராக்டர்
ஹாரன் அடித்தது.