மூச்சு விட்ட இடம்

பேரணாம்பட்டு. இரவு பதினொன்று இருபது.
தோல் கம்பெனி கேட்டுக்கு வெளியே
இன்ஜின் அணைத்த லாரி.
முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டு, எல்லாம் ஆட்டுத்தோல்,
விடிவதற்குள் துறைமுகம் சேர வேண்டும்.

உள்ளே நான்
ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவைத்துக்கொண்டு.

அனுப்புகிறவர், பெறுகிறவர், சரக்கு, மதிப்பு.
பெயருக்கு இரட்டை மேற்கோள் உண்டு.
தூரத்துக்குக் கூடாது, அது எண்.
மேற்கோளுக்குள் போட்டால்
நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோமீட்டரும் வெறும் பேச்சு.
கடைசி வரிக்குப் பிறகு காற்புள்ளி வைத்தால்
இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்து
கோபித்துக்கொள்ளும் அந்தப் பக்கம்.

அனுப்பினேன். வட்டம் சுற்றியது.
இருநூறு என்று வந்தது.
இருநூறு என்றால் எல்லாம் சரி.
"வந்துச்சு" என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டேன்.
முனிரத்தினம் பீடியை மிதித்து
வண்டிப் படியில் கால் வைத்தார்.

அப்புறம்தான் பதிலைப் பிரித்தேன்.
உறை மேலேதான் சரி.
உள்ளே ஒரு பிழை எண்,
பில் எண் இருக்க வேண்டிய இடத்தில் நல்.
தமிழ் நல் இல்லை,
ஒன்றுமே இல்லை என்கிற நல்.
போன ரமலானுக்கு முன்பு
ஆம்பூரிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்களும்
ஃபிர்னி பிரமாதம் என்றுதான் சொல்லிப் போனார்கள்.

"இன்னா மேடம், வந்துச்சின்னீங்க?"
"வந்துச்சு. பில்லுதான் வரல."

வரிவரியாகத் திரையை விரலால் தடவினேன்.
பின்கோடு சரி, மாவட்டம் வேலூர் ஆனாலும்
எங்களுக்கு ஆறு மூன்று ஐந்துதான்.
ஜிஎஸ்டி எண், பதினைந்தும் இருக்கிறது.
வண்டி நம்பர்.
சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல அடித்தது:
டி.என். இருபத்து மூணு,
அங்கே ஒரு இருமல்,
பிறகு மீதி.
அவர் மூச்சு விட்ட இடத்தில்
நானும் இடம் விட்டிருக்கிறேன்.
ஒற்றை இடைவெளி. எனக்குத் தெரியவில்லை,
அங்கே தெரிந்திருக்கிறது.

அழித்தேன்.
எழுத்தும் எண்ணும் ஒட்டிக்கொண்டு நின்றன.
திரும்ப அனுப்பினேன்.
திரும்ப இருநூறு.
இந்த முறை வாயைத் திறக்கவில்லை,
உறையைத்தான் திறந்தேன்.

பன்னிரண்டு இலக்கம்.

பிரிண்டரிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுத்து
பள்ளிகொண்டா தாண்டி எங்கே மடக்கினாலும்
இதைக் காட்டுங்கள் என்றேன்.
லாரி விளக்கு வெளிச்சத்தில்
தன் வண்டி நம்பரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்,
நடுவில் இருமி,
நிறுத்தி.