இருநூற்றுப் பதினான்கு

கருங்கல் சந்தைக்கு எதிரே லாட்ஜ், இரண்டாம் மாடி.
கட்டிலில் மடிக்கணினி.
நாற்காலியில் டோட்டல் ஸ்டேஷன்
துண்டு போர்த்திக்கொண்டு
காய்ச்சல்காரனைப் போல் உட்கார்ந்திருக்கிறது.

கேபிளைச் செருகினேன்.
முதலில் வந்தவை கேள்விக்குறிகளும் வெறும் சதுரங்களும்.
அது ஆயிரத்து இருநூறில் பேசுகிறது,
இது ஒன்பதாயிரத்து அறுநூறில் கேட்கிறது.
நானும் உதவிப் பொறியாளரும் போனில் பேசுவதும்
ஏறக்குறைய இப்படித்தான்.
வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்பச் சொன்னேன்.
இறங்கின எண்கள்.

எண், வடக்கு, கிழக்கு, உயரம், குறி.
முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
தேங்காய்பட்டணத்துக்கு அப்பால்
தூண்டில் வளைவு போடப்போகிற கரை, இரண்டு நாள் வெயில்.
தெ என்றால் தெங்கு. சு என்றால் சுவர்.
மி, மின்கம்பம். கு, குருசடி; நான்கு மூலையும் எடுத்தாயிற்று.

வரைபடத்தில் ஏற்றினேன். திரை காலி.
எல்லாவற்றையும் காட்டு என்றதும்
பின்வாங்கிப் பின்வாங்கி
நீலத்தில் போய் நின்றது.
வடக்கைக் கிழக்கென்று வாசித்துவிட்டது மென்பொருள்.
இருநூற்று நாற்பது கிலோமீட்டர் தென்கிழக்கே,
கொழும்புக்கு இந்தப் பக்கம், நடுக்கடலில் கிடக்கிறது ஊர்,
குருசடியோடும் கம்பங்களோடும்,
கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலம் மாறி.

கடல் நாற்பது வருடமாய்ச் செய்துகொண்டிருக்கும் வேலை.
எனக்கு ஒரு நெடுவரிசை போதுமாயிருந்தது.

மாற்றிப் போட்டேன். ஊர் கரையேறியது.
தெங்குகள் பச்சை வட்டமாகின,
சுவர்கள் ஒன்றையொன்று கை கோத்தன.
ஒன்று மட்டும் வெறும் பெருக்கல் குறியாய்
கோட்டுக்கு வெளியே நின்றது.
இருநூற்றுப் பதினான்கு. குறி இல்லை.

நேற்று மத்தியானம்.
பிரிசம் கம்போடு ஜெர்பின் தொடையளவுத் தண்ணீரில்.
மணலில் நின்று அவனை ஏவுகிறாள் பனியம்மாள்:
"இன்னும் போ மக்கா, இன்னும்... ஆங், நாட்டு.
இதாக்கும் எனக்க அடுக்களை.
எழுதிக்கிடு பிள்ளே."

நான் அளந்திருக்க வேண்டியதில்லை.
மூன்று தடவை பிழை என்றது கருவி,
அலையில் பிரிசம் ஆடுகிறது என்று.
நான்காம் தடவை, இரண்டு அலைகளுக்கு நடுவில்,
ஒரு பீப்.
உயரம் மைனஸ் பூஜ்யம் புள்ளி நான்கு ஒன்று.
குறி கேட்டது.
என்ன தட்டுவது?
ஒன்றும் தட்டாமல் சரி என்றேன்.
பனியம்மாள் அந்த பீப்பைக் கேட்டாளா தெரியவில்லை.
"பதிஞ்சுதா?" என்றாள். பதிந்தது என்றேன்.

இப்போது போன்.
"தண்ணிக்குள்ள இருக்கிற புள்ளிய எடுத்துடுங்க மேடம்,
கல்லு கணக்குக்கு அது வேண்டாம்.
ஆழம் பார்க்க படகுல வேற ஆள் வருது."
அவர் சொல்வது சரி.
அந்த ஒன்று இருந்தால்
சமவுயரக் கோடுகள் எல்லாம் அதை நோக்கி இழுபடும்.
இழுபட்டன. பார்த்துக்கொண்டிருந்தேன் கொஞ்ச நேரம்.

அழிக்கவில்லை.
புதிதாய் ஓர் அடுக்கு திறந்தேன்.
பெயர் என்ன என்றது. அடுக்களை என்று தட்டினேன்.
பழைய எழுத்துரு, நான்கைந்து சதுரங்களாய்க் காட்டியது.
பரவாயில்லை, அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
புள்ளியை அதில் நகர்த்தி, உறையவைத்தேன்.
இனி அச்சில் வராது. கணக்கில் சேராது.
கோப்பைத் திறக்கிற எவரோ
ஒருநாள் உருக்கிப் பார்க்கலாம்,
பார்க்காமலும் போகலாம்.

ஜெர்பின் புரோட்டா வாங்கப் போயிருக்கிறான்,
என் செருப்பைப் போட்டுக்கொண்டு.
அவனுடையதில் ஒன்று
நேற்று அங்கேயே போய்விட்டது.