633.72 இன் பின்னால்

ஒன்பதாம் நாள்.
பயிற்சிக் குறிப்பேட்டில் முதல் வரி:
காலை எட்டரை, கதவு திறப்பு.
உண்மையில் கதவு திறக்கவில்லை.
பூண்டுலோயாவில் ஆடி பிறந்தால் மரம் ஊதிவிடும்,
தோளால் இடித்துத்தான் உள்ளே போகவேண்டும்.
பாடத்தில் இது இல்லை.

பாடத்தில் இருந்தது:
ஈரப்பதம் அறுபதைத் தாண்டக் கூடாது.
ஜன்னலைத் திறந்தேன்.
மூடுபனி நேரே வந்து
வாசகர் மேசையில் உட்கார்ந்தது.
அங்கத்துவ அட்டை கேட்கவில்லை நான்.

ஜெஸீமா மிஸ் இன்று சபைக் கூட்டத்தில்.
முத்திரை, மைத்தட்டு, மேசைச் சாவி
எல்லாம் என்னிடம்.
எட்டு நாளாய்ச் செய்தது
முதுகுகளில் இலக்கம் ஒட்டியது,
பூஞ்சணத்தைப் பழைய பருத்திச் சேலையால் துடைத்தது,
வரவுப் பதிவேட்டில் நாலாயிரத்துச் சொச்சம் வரை
இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை, இல்லை
என்று பென்சிலால் குறி போட்டது.
பசை வாசம் இராச் சோற்றிலும் வந்தது.
"இதுக்கா கம்பஸ் போன?" என்றாள் அம்மா.

இரண்டு மணிக்கு டிலோஜன் வந்தான்.
தரம் ஆறு. வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை மழை.
கையில் திமிங்கிலப் புத்தகம், 599.5,
நேற்று நான் அடுக்கிய இடத்திலிருந்தே எடுத்திருந்தான்.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.
"வீட்டுக்குக் கொண்டு போகலாமா மிஸ்?"
என்னை ஒருவர் மிஸ் என்றது அதுதான் முதல்.

படிவத்தை எடுத்தேன்.
பெயர், பாடசாலை, சரி.
முகவரி: மேப்பிரட்டு, ஏழாம் லயம்.
காம்பிரா இலக்கம் தெரியாது,
"தொங்கல்ல இருந்து ரெண்டாவது" என்றான்.
அதையே எழுதினேன்.
பிணையாளி:
சபை எல்லைக்குள் சோலைவரி செலுத்தும் ஒருவர்.

"சோலைன்னா தோட்டந்தானே மிஸ்?"
இல்லை. வீட்டுக்குக் கட்டும் வரி.
"வீடு தோட்டத்தோடது."
அப்பா?
"கொழும்புல, கடையில."
அம்மா?
"மலையில. பதினெட்டுக் கிலோ எடுக்காட்டி
அரப்பேருதான்."
அதைக் கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

நூலகம் யாவருக்கும் உரியது: விளக்குக.
இருபது புள்ளிக்கு நான் பதினேழு.
அந்தக் கையாலேயே இங்கே ஒப்பம் வைத்திருப்பேன்.
ஆனால் எங்கள் லயமும்
மலைக்கு அந்தப் பக்கம், இன்னொரு தோட்டத்தில்.
எனக்கும் சோலை கிடையாது.

அவன் அழவில்லை.
மணிக்கூட்டைப் பார்த்தான், மூன்றே காலுக்கு பஸ்.
நாற்பத்தோராம் பக்கத்தில் திமிங்கிலம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கீழே போய்க்கொண்டிருந்தது.
"நாளைக்கு வேற யாராவது எடுத்துருவாங்க."

எழுந்து கடைசி இறாக்கைக்குப் போனேன்.
633.72. தேயிலைச் செய்கை.
மண், கவ்வாத்து, கொப்புள நோய்,
தடித்த ஆங்கிலத்தில் மூன்று.
திகதிச் சீட்டில் கடைசி முத்திரை
நான் பிறப்பதற்கு முன் விழுந்தது.
இந்த ஊரில் எவரும்
தேயிலையை இரவல் வாங்குவதில்லை.
அவற்றின் பின்னால் இருட்டில்
திமிங்கிலத்தைப் படுக்க வைத்தேன்,
என் பஸ் டிக்கட்டை நாற்பத்தொன்றில் செருகி.
அவன் இலக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்,
புள்ளியையும் விடாமல்,
படியிறங்கும் வரைக்கும்.

படிவத்தைக் கிழிக்கவில்லை.
ஜெஸீமா மிஸ்ஸின் மைத்தட்டுக்கு அடியில் வைத்தேன்,
பிணையாளி என்ற சொல்லைச் சுற்றி
சிவப்பில் ஒரு வட்டம்.
அவர் என்ன சொல்வார், தெரியாது.

பிறகு குறிப்பேடு.
தட்டு ஒழுங்கு சரிபார்த்தல்: இரண்டு மணித்தியாலம்.
புதிய அங்கத்துவம்: ஒன்று, பூரணமற்றது.
இடம் மாறி இருந்த நூல்கள்:
இங்கே கொஞ்ச நேரம் கை நின்றது.
வெளியே கொழுந்து லொறி ஒன்று
கியர் மாற்றி ஏறும் சத்தம்.
இல்லை, என்று எழுதினேன்.
பென்சிலால்.