இன்னும்

சட்டைப் பையில் வினாகிரிப் போத்தல்,
பேனாக்கத்தி, உடைந்த கண்ணாடித் துண்டு.
யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் இடிக்கிற கல்லைத்
திருகோணமலையில் தேடுவதற்குக்
காலை ஏழுக்கே ஓட்டோ பிடித்துவிட்டேன்.

சப்ரானுக்கு வெள்ளையென்றால் சுண்ணாம்பு.
கன்னியா வழியில் சடக்கென்று பிரேக் போட்டு
"இந்தா, உங்கட கல்" என்றான்.
வெள்ளைதான். உறைந்த பால் மாதிரி.
கத்தியால் கீறினேன்.
விழுந்த கோடு கல்லுடையதல்ல,
கத்தியின் இரும்பு.
கண்ணாடியில் உரசினேன், கண்ணாடி கீச்சிட்டது.
படிகக்கல் என்றேன்.
பொய்சாட்சி சொன்னவனைத் தள்ளுவதுபோல
பற்றைக்குள் எறிந்தான்.

கோட்டைக்குள்,
மான்கள் படுத்திருக்கும் பாறையில்
மூன்று சொட்டு விட்டுக் காதை வைத்தேன்.
சுண்ணாம்புக்கல் பேசும்:
சோடா மூடி திறந்து கொஞ்சம் பொறுத்து
வருமே, அந்தச் சத்தம்.
கேட்டது கடல் மட்டும்.
மானொன்று வந்து ஈரத்தை முகர்ந்து
தும்மிவிட்டுப் போனது.

உப்புவெளியிலும் இல்லை.
நிலாவெளிப் பாதையில், மதகடியில் பொறுக்கியதும் இல்லை.
சாப்பாட்டுக் கடையில் அவன் முட்டை உரித்தான்.
"இதுக்கும் விட்டுப் பாருங்களன்."
பகிடிதான்.
கோதின்மேல் ஒரு சொட்டு. பொறுத்தோம்.
ஒரு குமிழ்.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை.
"அப்ப கோழிக்குள்ளயா குவாரி?" என்றான்,
முட்டையைத் தின்ன மறந்து.

பின்னேரம், புறாத்தீவு தெரிகிற கரை.
அலை ஒதுக்கிய முருகைத் துண்டு, விரல் நீளம்,
உடம்பெல்லாம் நட்சத்திரப் பொட்டு ஓட்டைகள்,
வெள்ளைகூட இல்லை, பழைய பல்லின் நிறம்.
கத்தி இறங்கியது. தூள் உதிர்ந்தது.
தூளில் சொட்டு விழ,
பொரிந்தது.
சப்ரான் மண்ணில் முழங்கால் ஊன்றிக்
காதைக் கொண்டுபோனான்.
சத்தம் அடங்கிய பிறகும் எழும்பவில்லை.

"எவ்வளவு காலத்துல கல்லாகும்?"
மணல் மூடவேணும், மேலே பாரம் ஏறவேணும்,
லட்சக்கணக்கான வருசம்...
"விடுங்க" என்றான்.
"இது இன்னும் முடிவெடுக்கல்ல."

முருகை எடுக்கத் தடை.
கிடந்த இடத்திலேயே வைத்தோம்.
கொப்பியில், திருகோணமலைக்கு நேரே
மத்தியானமே எழுதிவைத்த "இல்லை"க்கு முன்னால்
ஒரு சொல்லை நெருக்கி எழுதினேன்.

போத்தல் மூடியைச் சரியாய் இறுக்கவில்லைப் போல.
டவுண் வரைக்கும்
ஓட்டோ முழுக்க அச்சாறு வாசம்.